ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு லீவு

நான் கடலை முதன்முதலாக நிறுத்தியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். பெரிய சிரமம் ஒன்றும் இருக்கவில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்தேன். இடப்பக்கத்து அலை ஒரு பெருமூச்சு விட்டது. அதைக் கேட்டு வலப்பக்கத்து அலையும் ஒன்று விட்டது. கடல் நின்றுவிட்டது. நான் கையைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

கடல் என்று நான் சொல்வது நாலடி நீளமுள்ள ஒரு கண்ணாடித் தொட்டி. ஹல்துமுல்லைக்கு மேலே, மலையின் விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், டொக்டரம்மாவின் குவாட்டர்ஸ் முன்னறையில், சாப்பாட்டறையைப் பிரிக்கிற தடுப்பு மாதிரி அது இருந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து வானம் வெளுத்த நாட்களில் தெற்கே பார்த்தால், சமவெளி முடிகிற இடத்தில் வெள்ளிக் கம்பி மாதிரி ஒன்று மினுங்கும். அது கடல் என்று ஒரு கட்சி, இல்லை ஏதோ குளம் என்று ஒரு கட்சி. நான் இரண்டு கட்சியிலும் இருந்திருக்கிறேன். எந்தக் கட்சி வடை வாங்கித் தருகிறதோ அந்தக் கட்சி. நிஜக் கடலில் நான் கால் நனைத்தது ஒரே ஒரு தடவை, பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போன பயணத்தில். போன உடனேயே செருப்பை அலை கொண்டுபோய்விட்டது. மிச்ச நேரம் முழுக்க அதைத் தேடியதிலேயே போயிற்று. ஆகவே கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது செருப்புத் திருடும் என்பது மட்டும்தான். இப்படிப்பட்ட ஆளிடம்தான் டொக்டரம்மா கடலை ஒப்படைத்தார்.

அவர் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்த டொக்டர். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட வயதில் நன்றாக இளையவர். அவருடைய கணவருக்கு வெளிநாட்டில் வேலை. ஊரிலிருந்து வந்தபோது மற்றவர்கள் கட்டில், அலுமாரி கொண்டுவருவது போல அவர் இந்தத் தொட்டியைக் கொண்டுவந்தார். மூட்டை உப்புத்தூளைத் தண்ணீரில் கலந்து அவரே கடல் தயாரிப்பார். வெளியே பனிமூட்டம் ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்து எட்டிப் பார்க்கும். உள்ளே வெயில் காய்கிற ஒரு சின்னக் கடல், தன் பாட்டில் ஆடிக்கொண்டிருக்கும்.

அவர் கர்ப்பமாக இருந்தார். இதற்கு முன் ஒரு தடவை பிள்ளை கைக்கு வராமல் போனதை என் மனைவிதான் எனக்குச் சொன்னாள். இந்த முறை யாழ்ப்பாணத்தில் பெரிய டொக்டர்மார் பார்த்துவிட்டு, பிள்ளை பிறக்கும் வரைக்கும் படுத்தே இருக்க வேண்டும், அதிர்ச்சி, கவலை எதுவும் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஊரில் தன் அம்மாவின் வீட்டுக்குப் போகிறார். தொட்டியைக் காவிக்கொண்டு போக முடியாது. பக்கத்துக் குவாட்டர்ஸில் நான் இருந்தேன். ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபெக்டரியில், நான்தான் டீமேக்கர். மோட்டரும் சுவிட்சும் தெரிந்த ஆள் என்று என்னைப் பற்றி யாரோ அவரிடம் நல்லதாகச் சொல்லியிருக்கிறார்கள். அது யாரென்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

புறப்படுவதற்கு முன் அவர் எனக்குப் பாடம் எடுத்தார்.

"இது வேவ்மேக்கர் அண்ணை. அலை செய்யிற பம்ப். இடப்பக்கம் ஒண்டு, வலப்பக்கம் ஒண்டு. இது ரெண்டையும் ஆட்டி வைக்கிற கொன்ட்ரோலர்."

இரண்டு பம்புகளும் கண்ணாடியின் உட்புறத்தில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆளுக்கொரு முஷ்டி அளவு, ஆளுக்கொரு பிளக். முன்னால் சின்ன விசிறி, சுற்றிலும் தண்ணீர் உறிஞ்சும் கீறல்கள். கொன்ட்ரோலர் ஒரு சவர்க்காரக் கட்டி அளவு. அதில் அலையின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். அலையின் போக்கை மாற்ற ஒரு பொத்தான், அதையே அழுத்திப் பிடித்தால் எல்லாம் நிற்கும். அலை ஒரே சீராகப் போவது ஒன்று, விட்டு விட்டுத் துடிப்பது ஒன்று, எப்போது எங்கிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாமல் தன் இஷ்டத்துக்கு வருவது ஒன்று. டொக்டரம்மா மூன்றாவதில் வைத்திருந்தார். தவிர, எந்த நாளில் எத்தனை மணிக்கு எந்த அலை என்று நேரம் குறித்து வைக்கிற வசதியும் இருந்தது. அதை அவர் எனக்குக் காட்டியிருக்கவே கூடாது.

பிறகு அவர் தொட்டியின் நடுவிலிருந்த கல்லைக் காட்டினார். அதன் உச்சியில் இளம்பச்சையாக, நுனிகளில் மட்டும் ரோசாவாக, நூறு விரல்கள் கொண்ட ஒரு கை தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

"இவதான் அனிமோன். பூ மாதிரி இருந்தாலும் பூ இல்லை, சீவன். மீன் ரெண்டும் இவவுக்குள்ளதான் படுக்கும். ஒண்டை மட்டும் மறக்காதேங்கோ. அலை பிடிக்காட்டி இவ எழும்பி நடப்பா. நடந்து போய் பம்பிலை ஏறி, அந்த நேரம் பம்ப் சுத்தினால் அரைச்சுப் போடும். பிறகு தொட்டி முழுக்க நஞ்சு. மீனும் மிஞ்சாது."

"நடக்குங்களா?"

"ஓம். மெல்லமா நடப்பா."

"எங்க ஸ்டோர்ல மனுசங்களே நடக்க மாட்டேங்கிறாங்க டொக்டரம்மா."

அவர் சிரித்தார். ஆனால் தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. போன தடவை எல்லாம் முடிந்து வந்த பிறகு, அவர் வேலை முடிந்து இந்தத் தொட்டியின் முன்னால்தான் உட்கார்ந்து கிடந்தார் என்பதும் என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவர் போன பிறகு காலையிலும் மாலையிலும் சாவியை எடுத்துக்கொண்டு போவேன். மீன்களுக்குத் தீனி போடுவேன். கோமாளி மீன் என்பது அவற்றின் பெயர். பெயரைக் கேட்டதுமே நெருங்கிய சொந்தம் என்று புரிந்துவிட்டது. தீனி போட ஒரு நிமிஷம் போதும். ஆனால் எதிரில் ஒரு பிரம்பு நாற்காலி இருந்ததுதான் பிழை.

அதில் உட்கார்ந்தால் கதை முடிந்தது. இடப்பக்கத்திலிருந்து ஒரு அலை வரும். நூறு விரல்களும் வலப்பக்கம் சாயும். என் தலையும் சாயும். அலை ஓய்ந்து, எல்லாம் ஒரு கணம் எதையோ யோசிப்பது போல நிற்கும். பிறகு வலப்பக்கத்திலிருந்து வரும். மேலிருந்து விழும் நீல வெளிச்சம் மணலில் வலை வலையாக நெளியும், என் சட்டையில் நெளியும், எதிர்ச் சுவரில் தொங்கும் கலண்டரில் நெளியும். கண் திறந்தபடியே நான் தூங்கினேனா, தூங்கியபடியே பார்த்துக்கொண்டிருந்தேனா என்று எனக்கே தெரியாது. வெளியே பிற்பகலில் சமவெளியிலிருந்து பனிமூட்டம் மலையேறி வரும். தேயிலை வரிசைகள் மேல் தவழ்ந்து, தொழிலாளர் லயங்களின் கூரை மேல் ஏறி, திரும்பவும் பின்வாங்கும். மலைக்குப் பின்னால் யாரோ ஒருவர் இன்னும் பெரிய கொன்ட்ரோலர் ஒன்றை வைத்துக்கொண்டு அதையும் ஆட்டிவிடுகிறார் என்று தோன்றும். ஒருவேளை அவரும் பக்கத்துக் குவாட்டர்ஸ்காரர்தானோ, சாவியைக் கொடுத்துவிட்டு யாரோ ஊருக்குப் போயிருக்கிறார்களோ என்றெல்லாம் நினைப்பு ஓடும்.

இப்படி மிதந்துவிட்டு நான் வீட்டுக்கு வரும்போது என் மனைவி வாசலில் நிற்பாள். அவள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்பவள். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போனதும் அத்தனை குழந்தைகளையும் பார்த்துக்கொள்வது அவள்தான். ஆகவே எனக்காகத் தனியாக ஒரு குரலை அவள் தயாரிக்கவில்லை, குழந்தைகளுக்கான குரலிலேயே என்னிடமும் பேசிவிடுவாள்.

"எங்க போயிட்டு வாறீங்க?"

"கடலுக்கு."

"கடலுக்குப் போற ஆம்பள வரும்போது மீன் கொண்டாரணும். கொழம்புக்குப் புளி கரைச்சு வச்சிட்டு உக்காந்திருக்கேன்."

"அந்த மீன கொழம்பு வச்சா டொக்டரம்மா நம்ம ரெண்டு பேரையும் ஊசி போட்டே கொன்னுருவாங்க."

"உங்களுக்குத்தான் ஊசி. எனக்கு எதுக்கு? நான் புளிதான கரைச்சேன்?"

சும்மா பார்த்துக்கொண்டிருந்தவரையில் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் சும்மா பார்ப்பது டீமேக்கரின் பிறவிக் குணம் அல்ல. ஸ்டோரில் கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றாடி விட்டு வாட்டுவோம். கொஞ்ச நேரம் ஒரு பக்கக் காற்று, பிறகு மறுபக்கக் காற்று. வாடியதை ரோலரில் போட்டு உருட்டுவோம், ஆற விடுவோம், திரும்ப உருட்டுவோம். எதற்கும் ஒரு நேரம் உண்டு. தன் இஷ்டத்துக்கு எதுவும் நடக்காது. நடந்தால் தூள் கறுத்துப் போகும், தோட்டத்துத் தொரை முகம் அதைவிடக் கறுத்துப் போகும். எனக்கு அந்த மூன்றாவது அலைமுறை, அந்த 'இஷ்டம்', கண்ணைக் குத்த ஆரம்பித்தது. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு வராத ஆளைப் பார்ப்பது மாதிரி அதைப் பார்த்தேன்.

அதோடு இன்னொன்று. மோட்டருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் கிட்டத்தட்ட ஒரு மதம். மின்விசிறி சூடாகிவிட்டது, கொஞ்சம் ஆறட்டும் என்று நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். டிவிக்கு ஓய்வு கொடுப்போம். என் மாமனார் தினமும் மதியத்தில் ஃபிரிட்ஜுக்கு ஓய்வு கொடுப்பார். அவர் வீட்டில் ஐஸ்கிறீம் குடிக்கிற பொருள். இப்படிப்பட்ட பரம்பரையில் வந்தவன் கண்ணெதிரே இரண்டு பம்புகள் இரவு பகலாக, சனி ஞாயிறு பாராமல் உழைத்துக்கொண்டிருந்தால் மனம் தாங்குமா?

ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து, கடலுக்கு ஒரு நேர ஒழுங்கு போட்டேன். காலைப் பெரட்டுக்குத் தோட்டம் எழும்பும்போது இடப்பக்கத்து அலை எழும்பும். தேத்தண்ணி நேரத்தில் சற்று நிற்கும். பிறகு வலப்பக்கம். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் இரண்டும் சேர்ந்து வேகம். இரவில் மெதுவாக ஒன்று மட்டும், காவல்காரன் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை முழு லீவு. தண்ணீரை வடிகட்டுகிற சின்ன மோட்டரை மட்டும் விட்டுவைத்தேன், அது எனக்கு அத்தியாவசிய சேவை மாதிரிப் பட்டது. பூரணைப் போயாவுக்கும் லீவு கொடுக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் பூரணை நிலவுக்கும் கடலுக்கும் ஏதோ தொடர்பு இருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் படித்தது அரைகுறையாக நினைவுக்கு வந்தது. பெரிய இடத்து விஷயம், நமக்கெதற்கு என்று விட்டுவிட்டேன்.

சிக்கல் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் டொக்டரம்மா வீடியோ அழைப்பு எடுப்பார். கட்டிலில் படுத்தபடியே கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்ப்பார். வாரம் முழுக்கப் படுத்துக் கிடக்கிற மனுஷிக்கு அது ஒன்றுதான் வேடிக்கை. அவர் எடுக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் நான் போய் அலையை ஓட விடுவேன். தொரையின் ஜீப் சத்தம் கேட்டதும் ஆட்கள் நிழலிலிருந்து எழும்பி வேகவேகமாகக் கொழுந்து கிள்ளுவது மாதிரி, என் கடல் அவருக்காகப் பிரமாதமாக அலையடிக்கும். அவர் பார்த்து முடித்ததும் திரும்பவும் உட்கார்ந்துவிடும்.

இந்த நிர்வாகத்தை அனிமோன் ரசிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை அது கல்லின் உச்சியிலிருந்து ஒரு சாண் இறங்கியிருந்தது. தேகப்பயிற்சி என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் கல்லின் வலப்பக்கச் சரிவில் இருந்தது. மீன்கள் இரண்டும் வீடு மாறுகிற குடும்பம் மாதிரி அதன் பின்னாலேயே போயிருந்தன.

"அண்ணை, இவ இடம் மாறியிருக்கிறாவோ?" என்று டொக்டரம்மா திரையில் கண்ணைச் சுருக்கினார்.

"இல்லங்க, நான் போனைச் சரிச்சுப் பிடிச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு வந்த ஞாயிறு. என் மனைவியும் கூட வந்திருந்தாள், குவாட்டர்ஸைக் கூட்டித் துடைக்க. நான் நாற்காலியில் சாய்ந்து, அசையாத கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றுபோன தண்ணீருக்கும் ஒரு அழகு உண்டு. எல்லாம் தெளிந்து, வெளிச்சம் கூடத் தூங்குவது போல. தொட்டியை ஒழுங்காகப் பார்த்தேனா என்று கேட்டால், இல்லை. அழகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே போன் அடித்தது. டொக்டரம்மா. யோசிக்காமல் எடுத்துவிட்டேன்.

"அண்ணை, சாப்பிடுற நேரமோ? குறை நினைக்காதேங்கோ. காலமை தொடக்கம் மனம் ஒரு மாதிரிக் கிடக்கு. வயித்துக்குள்ள அசைவு குறைவு மாதிரியும் கிடக்கு. டொக்டர்மார் வந்து பாத்தவை, ஒண்டும் இல்லை எண்டுதான் சொல்லீட்டுப் போயினம். ஆனா மனம் கேக்கேல்லை. கொஞ்ச நேரம் தொட்டியைப் பாத்துக்கொண்டு கிடக்கப் போறன்."

"தாராளமாங்க!" என்று சொல்லி அவருக்குச் சுவரைக் காட்டினேன். பிறகு கலண்டரைக் காட்டினேன். மறு கையால் கொன்ட்ரோலரைத் தேடிப் பிடித்து, இரண்டு பம்புகளையும் ஓட விட்டேன்.

இடப்பக்கம் அழகாக அலை வந்தது. வலப்பக்கம் வந்தது அலை அல்ல, ஒரு சத்தம். ரோலரில் கல் மாட்டினால் வருகிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். வலப்பக்கத்துப் பம்பு பச்சைத் தலைமயிர் வைத்துக்கொண்டிருந்தது. கடல் லீவில் இருந்த நேரத்தில் அனிமோன் கல்லை விட்டு நடந்து, கண்ணாடியில் ஏறி, பம்பின் மேலேயே குடியேறிவிட்டிருந்தது. இப்போது அதன் விரல்கள் ஒவ்வொன்றாகக் கீறல்களுக்குள் இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தன.

"அண்ணை, அது என்ன சத்தம்?"

நிறுத்துகிற பொத்தானை அழுத்தினேன் என்றுதான் நினைத்தேன். பட்டது குமிழ், வேகம் கூடிவிட்டது. கீழே குனிந்து கைக்கு அகப்பட்ட பிளக்கை இழுத்தேன். தொட்டியின் வெளிச்சம் அணைந்தது. இருண்ட தொட்டிக்குள் அரைபடும் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது. என் மனைவி துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, என் காலடியில் உட்கார்ந்து சரியான பிளக்கைப் பிடுங்கினாள்.

அரைபடுவது நின்றது. பச்சைத் துணுக்குகள் தண்ணீரில் தூசி மாதிரி மிதந்தன. மீன்கள் மேலே ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன.

"அண்ணை, சீலிங்கைக் காட்டாதேங்கோ. தொட்டியைக் காட்டுங்கோ."

அதிர்ச்சி ஆகாது, கவலை ஆகாது என்பது மட்டும்தான் என் மண்டைக்குள் ஓடியது. "ஒண்ணும் இல்லங்க, கரண்ட் போயிருச்சு" என்றேன். எனக்குப் பின்னால் என் மனைவி சொருகிய பிளக்கில் தொட்டியின் வெளிச்சம் பளிச்சென்று எரிந்தது. நான் சொல்கிற பொய்களுக்கு ஆயுள் அவ்வளவுதான்.

மனைவி என் கையிலிருந்து போனை வாங்கித் தொட்டியின் பக்கம் திருப்பினாள். "நல்லாப் பாருங்க டொக்டரம்மா. பாத்துட்டு என்ன செய்யணும்னு சொல்லுங்க. இவர நம்பாதீங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு ஒரு குரல் வந்தது. அது படுத்திருக்கிறவரின் குரல் அல்ல. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும்போது கையைக் கிழித்துக்கொண்டு ஆட்கள் வந்தால் ஆஸ்பத்திரியில் கேட்குமே, அந்தக் குரல்.

"வாயைக் காட்டுங்கோ அக்கா. நடுவிலை இருக்கும். மூடியிருக்கோ, திறந்திருக்கோ?"

"மூடியிருக்குங்க."

"கால்? பம்பிலை ஒட்டிக்கொண்டிருக்கிற அடிப்பக்கம்?"

"கிழியல. விரல்தான் ஒரு பக்கம் கொஞ்சம் போயிருக்கு."

"சரி. உயிர் கிடக்கு. மிதக்கிறதெல்லாத்தையும் வலையாலை அள்ளுங்கோ. கையாலை மட்டும் இழுத்துப் போடாதேங்கோ. கால் கிழிஞ்சால் அவ்வளவுதான். தானா இறங்க வேணும்."

"எப்ப எறங்கும்?" என்று கேட்டேன்.

"இண்டைக்கு இறங்கலாம். நாளைக்கு இறங்கலாம். இறங்காமல் அதிலையே கிடந்து செத்தால் மீனையும் கொண்டுபோயிடும். அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. ஓடுற பம்பிலை இவ இப்பிடி வந்து குந்த மாட்டா. நான் எடுக்கேக்குள்ள அலை ஏன் நிண்டது?"

"ஞாயித்துக்கெழமைங்க."

"அதுக்கு?"

"லீவு."

அவருக்கு விளங்கவில்லை. என் மனைவி விளக்கினாள். பெரட்டு, தேத்தண்ணி நேரம், கொழுந்து நிறுக்கிற நேரம், ஒன்றையும் விடவில்லை. திரையில் அவருடைய முகம் தலையணைக்குள் போயிற்று, தோள் குலுங்கியது. அழவைத்துவிட்டேனே என்று எனக்கு உயிரே போயிற்று. முகத்தைத் திருப்பியபோது கண்ணில் நீர் வடிய அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கடலுக்கு லீவோ? ஐயோ அண்ணை, சிரிக்க வைக்காதேங்கோ. வயிறு குலுங்கச் சிரிக்கவும் வேண்டாம் எண்டு சொல்லியிருக்கினம்."

"அப்ப நான் பேசவே மாட்டேங்க."

"பேசாமல் நிண்டாலும் சிரிப்பு வருது."

பிறகு வேலையில் இறங்கினோம். அனிமோன் வெளிச்சத்தைத் தேடிப் போகும், இருட்டில் நிற்காது என்றார். வலப்பக்கத்துக் கண்ணாடியை என் மனைவியின் கறுப்புச் சால்வையால் மூடினோம். இடப்பக்கத்துப் பம்பை, பழையபடி இஷ்டத்துக்கு வரும் அலையில், ஆகக் குறைந்த வேகத்தில் விட்டோம். போனை ஒரு பால்மா டின்னில் சாய்த்துத் தொட்டிக்கு முன்னால் வைத்தேன். இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. நான் ரகசியமாகச் செய்துவந்த வேலையை இப்போது இரண்டு பெண்கள் எனக்கு உத்தியோகபூர்வமாகக் கொடுத்தார்கள்.

அந்தப் பிற்பகலை நான் எத்தனையோ தடவை திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். பிற்பாடு அந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, டொக்டரம்மா அதைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்து, அது என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குகிற வயதுக்கு வந்தும், அதைத் தூக்கும்போதெல்லாம் எனக்குப் புத்தியில் வருவது அந்த மூடிய சால்வையும் மங்கிய நீல வெளிச்சமும்தான். ஞாயிறு என்பதால் ஸ்டோர் சத்தம் இல்லை. பனிமூட்டம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஏறி வந்து, ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லாமல் செய்துவிட்டது. வாசலில் இருந்த மரம் போயிற்று. என் வீடு போயிற்று. போனுக்குள்ளிருந்து யாழ்ப்பாணத்துக் காகம் கத்தியது, ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. எங்கள் அறை எங்கேயோ ஒரு கடலடியில் மெல்ல ஆடிக்கொண்டிருப்பது போல இருந்தது.

"இஞ்ச எங்கட வீட்டு ஒழுங்கை முடிவிலை கடல்தான் அண்ணை," என்றார் அவர், மெதுவான குரலில். "எழும்பிப் போய்ப் பாக்க விடீனமில்லை. மலையிலை இருக்கிற கடலைத்தான் பாக்க வேண்டிக் கிடக்கு."

"எங்க கடல் கொஞ்சம் ஒழுங்கில்லாத கடலுங்க."

"ஒழுங்கில்லாததுதான் கடல். ஒழுங்கு வச்சதாலைதானே இவ வெளிக்கிட்டவ."

அனிமோன் அசைந்தது. முதலில் நம்ப முடியவில்லை. போர்வைக்குள்ளிருந்து ஒரு குழந்தை காலை வெளியே நீட்டிப் பார்ப்பது போல, அதன் அடிப்பாகத்தின் ஒரு ஓரம் பம்பை விட்டுக் கிளம்பி, கண்ணாடியைத் தொட்டுப் பார்த்து, ஒட்டிக்கொண்டது. டொக்டரம்மா, "இப்ப வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கோ... போதும், போதும்" என்பார். நான் குமிழை ஒரு மயிரிழை திருப்புவேன். அலை வந்து விரல்களைத் தூக்கிவிடும். இன்னொரு ஓரம் கிளம்பும். திரும்பவும் நீண்ட நேரத்துக்கு ஒன்றும் நடக்காது. என் மனைவி வீட்டுக்குப் போய்ச் சோறு எடுத்துவந்தாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து மூவரும், இல்லை, இருவரும் ஒரு போனும், அதைப் பார்த்தோம். என் இமைகள் அலையோடு சேர்ந்து எழுந்து விழுந்தன. இடையில் ஒரு கனவு கூட வந்தது. கொழுந்து வாட்டும் தொட்டிகளில் கொழுந்துக்குப் பதில் பச்சை விரல்கள் கிடந்து ஆடின, தொரை வந்து அவற்றை ஒவ்வொன்றாகக் கைகுலுக்கிக்கொண்டு போனார்.

"ஏங்க! பாருங்க!"

மனைவியின் முழங்கை விலாவில் இடித்தது. வெளியே மங்கிவிட்டிருந்தது. அனிமோன் பம்பையும் விட்டுவிட்டது, கண்ணாடியையும் விட்டுவிட்டது. ஒரு பலூன் மாதிரி உப்பி, தலைகீழாகப் புரண்டு, நடுத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. பிடியற்றுப்போன அந்தப் பச்சை உருண்டையைச் சுற்றி அலை ஒரு வட்டமடித்துத் திருப்பி, ஓடிக்கொண்டிருந்த இடப்பக்கத்துப் பம்பை நோக்கி நேராகக் கொண்டுபோனது.

"டொக்டரம்மா!" என்றேன். பதில் இல்லை.

யோசிக்க நேரம் இருக்கவில்லை. இந்த முறை விரல் சரியான பொத்தானில் விழுந்தது. அழுத்திப் பிடித்தேன். கடல் நின்றது. ஓட்டம் நின்ற தண்ணீரில் அது இன்னும் சற்றுத் தூரம் தன் வேகத்திலேயே வந்து, பம்பின் விசிறிக்கு ஒரு விரல்கடை தள்ளி நின்று, யோசித்து, கீழே இறங்கத் தொடங்கியது. மிக மெதுவாக. கல்லுக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவிலிருந்த ஒரு இடுக்கில் போய் உட்கார்ந்தது. முன்னறையிலிருந்து பார்த்தால் பாதிகூடத் தெரியாத இடம். நாங்கள் சாப்பாட்டறைப் பக்கம் ஓடிப்போய், பின்கண்ணாடி வழியாகப் பார்த்தோம். அடிப்பாகம் கல்லைத் தொட்டது. தடவிப் பார்த்தது. பிடித்துக்கொண்டது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன, ஒரு பக்கத்தில் மட்டும் கத்தரித்துவிட்டது மாதிரிக் குட்டையாக. மூலையில் நின்ற மீன்களில் பெரியது கீழே வந்தது, முகர்ந்தது, உள்ளே நுழைந்து புரண்டது. பிறகு சின்னதும் வந்தது.

"டொக்டரம்மா, எறங்கிருச்சுங்க! புடிச்சிருச்சு!" என்று கத்திக்கொண்டே போனை எடுத்தேன்.

திரையில் டொக்டரம்மா இல்லை. போன் அவர் கையிலிருந்து நழுவிப் பக்கத்தில் கிடந்திருக்க வேண்டும். ஒரு வெள்ளைக் கூரையும், அதில் மெதுவாகச் சுற்றும் ஒரு மின்விசிறியும் தெரிந்தன. காது கொடுத்துக் கேட்டால், விசிறிச் சத்தத்துக்கு அடியில் ஒரு மூச்சு. ஆழமாக, ஒரே சீராக, போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. பகல் முழுக்க மனம் ஒரு மாதிரிக் கிடந்தவரின் மூச்சு.

"எழுப்பாதீங்க," என்று மனைவி கிசுகிசுத்தாள். "புள்ளைங்க தூங்குனா நான் எழுப்புவேனா?"

"சொல்ல வேணாமா?"

"கண்ண முழிச்சதும் அவங்களே பாக்கட்டும். கட் பண்ணாதீங்க."

நான் கொன்ட்ரோலரிடம் போய், இடப்பக்கத்துப் பம்பை மட்டும், அந்த மூன்றாவது அலைமுறையில், கேட்டும் கேட்காத வேகத்தில் திறந்துவிட்டேன். எங்கிருந்தோ ஒரு அலை கிளம்பி வந்தது. எப்போது வரும் என்று காத்திருந்தேன், அடுத்தது உடனே வரவில்லை. வந்தபோது நான் எதிர்பார்த்த வேகத்திலும் வரவில்லை. போனைச் சாப்பாட்டறைக்குக் கொண்டுபோய், பின்கண்ணாடிக்கு நேராக, அனிமோன் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்தேன். பேட்டரி சிவப்புக் கோட்டுக்கு வந்திருந்தது. வலப்பக்கத்துப் பம்பின் பிளக்கைப் பிடுங்கிய இடம் காலியாகக் கிடந்தது. அதில் சார்ஜரைச் சொருகினேன்.